சின்ன மாப்பிள்ளையின் ஈரல்

அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் நன்றாக இருக்கும். இருட்டறையில் உட்கார்ந்தே பழகியவன் நான். வெளிச்சத்தில் எனக்குச் சரியாகப் பேச்சு வராது. ஆமாம், அவ்வளவு போதும். நன்றி.

இந்த விசாரணையில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று வக்கீல் சார் சொன்னார். முயற்சி செய்கிறேன். ஆனால் ஸ்கேன் படம் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வயிற்றைப் பார் என்று அனுப்பினால் வயிற்றோடு நிறுத்த மாட்டான். ஓரத்தில் தெரியும் விலா எலும்பு, மேலே எட்டிப் பார்க்கும் நுரையீரல் நுனி, பின்னால் முதுகுத்தண்டு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பான். மேடம், நீங்களும் ரேடியாலஜிஸ்ட். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் சாருக்காகச் சொல்கிறேன்.

நோயாளி எனக்கு என்ன உறவு என்பது முதல் கேள்வி. சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை, நான் பெரிய மாப்பிள்ளை. பெரிய என்பது வயதுக்கு மட்டும்.

நான் டாக்டர் என்பதில் என் மாமனாருக்கு நம்பிக்கையே வரவில்லை. டாக்டர் என்றால் நாடி பிடிக்க வேண்டும், நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் ஒரு ஊசியாவது போட வேண்டும். நான் இதில் எதையும் செய்வதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அறிமுகம் இப்படித்தான் நடக்கும்.

“இவர் எங்க சின்ன மாப்பிள்ளை. குழாய்க் கடை வெச்சிருக்கார். தங்கமான மனுஷன். இவர் பெரியவர். ஆஸ்பத்திரியில ஃபோட்டோ எடுக்கிறார்.”

நான் எடுப்பதில்லை, எடுத்த படத்தைப் பார்த்து நோயைச் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அன்று மாலை அவர் என் மாமியாரிடம், “எடுக்கிறதுகூட இல்லையாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன்.

வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் எல்லோரும் வரிசையாக நின்றபின் காமெராவை என் கையில் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் தொழிலே அதுதானே. ஆகவே அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் எந்தப் படத்திலும் நான் இல்லை. எல்லாப் படத்திலும் நடுவில் சகலை நிற்பார், வாயெல்லாம் பல்லாக. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எல்லாமே நல்ல தெளிவான படங்கள்.

சகலையைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். மாமனார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தால் கடையைச் சாத்திவிட்டு வந்து, தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி சரிசெய்வார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதோடு, தானும் ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் சிரிக்க வைப்பார். எனக்குக் குடல்வால் எடுத்தபோது என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவரும் அவர்தான். என்னை நலம் விசாரிக்க வந்த என் சக டாக்டர்கள் வாசலில் அவரோடு பேசிச் சிரித்துவிட்டு, என்னைப் பார்க்க மறந்து திரும்பிப் போனார்கள். எனக்குப் பல வருடமாகப் பழக்கமானவர்கள். அவருக்கு அரை மணி நேரப் பழக்கம்.

இனி கட்டிக்கு வருகிறேன்.

கல்லீரலில் ரத்தக் குழாய்கள் சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொள்வது ரொம்பச் சாதாரணம். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவருக்குக்கூட இருக்கலாம். வக்கீல் சார் வயிற்றைத் தடவ வேண்டாம், அதற்கு வைத்தியமும் கிடையாது, தேவையும் கிடையாது. நரம்பில் சாய மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால், மருந்து முடிச்சின் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்து, மெதுவாக உள்ளே நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் நடுவரை நிறைந்துவிடும். அதைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த படத்தை எடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஒரு மனிதன் எத்தனை தடவைதான் ஒன்றுமில்லை என்று எழுதுவான்?

அதே ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து கிளம்பும் இன்னொரு கட்டி இருக்கிறது. எபிதீலியாய்ட் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. எழுதச் சிரமமாக இருந்தால் ‘அந்தக் கட்டி’ என்று போட்டுக்கொள்ளுங்கள், நானும் இனி அப்படியே சொல்கிறேன். அது புற்றுநோய் வகை. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். மற்றக் கட்டிகள் ஈரலின் மேல்தோலை வெளியே புடைக்க வைக்கும். இது உள்ளே இழுத்துக்கொள்ளும், சட்டையில் பொத்தான் இறுக்கித் தைத்த இடம்போல. ரத்த நாளம் ஒன்று நேராக அதைத் தேடி வந்து, விளிம்பைத் தொட்டதும் சட்டென்று நின்றுவிடும். படத்தில் குச்சி மிட்டாய் மாதிரித் தெரியும். எங்கள் புத்தகத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான். நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். நேரில் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடுவேனோ என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியின் ஈரல் சர்ஜன். அபூர்வமாக ஏதாவது வந்துவிட்டால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். நான் இருட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதுவேன். அவர் அறுத்து எடுப்பார். அப்புறம் மாநாட்டு மேடையில் போய் நின்று பேசுவார். பேச்சின் கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் ‘படங்கள்: ஸ்கேன் பிரிவு’ என்று காட்டுவார். நான் ஒரு பிரிவு. நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் அந்தப் பிரிவில் அடக்கம்.

இந்த நிலையில்தான் சகலைக்கு வலது விலாவுக்குக் கீழே லேசாக ஒரு பிடிப்பு வந்தது. அதிகம் சிரித்ததால் வந்தது என்று வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள். இருந்தாலும், “நம்ம அண்ணாவோட ஆஸ்பத்திரிதானே, ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்” என்று அவரே கிளம்பி வந்தார். டெக்னீஷியன் எடுத்து என் திரைக்கு அனுப்பிவைத்தார்.

நான் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு படத்தைப் பார்க்கிறவன். பெயரையோ வயதையோ முதலில் பார்த்துவிட்டால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே திரையின் மூலையில் பெயர் வரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருப்பேன். என்னிடம் பயின்றவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மேடம், நீங்கள்கூட இது நல்ல முறை என்று ஒரு கூட்டத்தில் பாராட்டியிருக்கிறீர்கள்.

அன்றும் அப்படித்தான். முதலில் ஈரலின் ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அப்புறம் சாயம் நடுவரை நிறையாமல் வளையமாக நின்ற இடம். அப்புறம் அந்தக் குச்சி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து நின்றேன். என் கல்யாணத்தன்று இவ்வளவு சந்தோஷப்பட்டதாக ஞாபகமில்லை. அதற்குப் பிறகுதான் காகிதத்தைத் தூக்கிப் பெயரைப் பார்த்தேன்.

அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று நேற்று கேட்டீர்கள். உண்மை சொல்வதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே சொல்கிறேன். ‘இதுவும் இவருக்குத்தானா’ என்று நினைத்தேன்.

ஒரே ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. அதுவும் ஈரலின் ஓரத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில். சர்ஜனிடம் அனுப்பியிருந்தால் அந்த மூலையை மட்டும் நறுக்கி எடுத்திருப்பார். சகலை சில வாரங்களில் கடையைத் திறந்திருப்பார். நான் இதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். சர்ஜன் மேடை ஏறியிருப்பார். சகலை சட்டையைத் தூக்கி வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டியிருப்பார். மாமனார், “எங்க சின்ன மாப்பிள்ளைக்கு வந்தது பத்து லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது” என்று தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார். எனக்குச் சின்ன எழுத்தில் ‘பிரிவு’.

இதையெல்லாம் நிறுத்தி நிதானமாகக் கணக்குப் போட்டு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். கை பழக்கத்தில் எழுதியது. ‘சாதாரண ரத்தக் குழாய் முடிச்சு. பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம்.’ எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே நடையில் என் மச்சினி நின்றுகொண்டிருந்தாள். கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அது கயிறாகியிருந்தது.

“அத்தான், அவருக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“நெஜமாவா? எங்கிட்ட மறைக்காதீங்க.”

“ஒங்கிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? சாதாரண முடிச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே பாத்துக்கறேன்.”

“வயித்துல பாலை வார்த்தீங்க அத்தான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என் கையைப் பிடித்து அழுததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை.

அன்று மாலை மாமனார் போன் செய்தார். “டாக்டர் மாப்பிள்ளையா?” என்று கேட்டார். தப்பான எண்ணுக்குப் போட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அதுவரை நான் சரியாகச் சொன்ன எத்தனையோ நோய்களுக்குக் கிடைக்காத பட்டம், இந்த ஒன்றுமில்லைக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டார்கள்.

முதல் தடவைக்கு நீங்கள் சொல்கிற எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவைகளுக்கு மட்டும் தனியாகக் காரணம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது அறிவியல். அந்தக் கட்டி முதலில் தனித்தனிக் குண்டுகளாக இருந்து, நாளடைவில் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஈரலின் ஓரம் முழுக்கப் படர்ந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் ஒரே ஆளிடம் முதல் குண்டிலிருந்து கடைசிவரை எடுத்த படங்கள் யாரிடமும் இல்லை. ஏன் இல்லை? கண்டுபிடித்ததும் எல்லோரும் அவசரப்பட்டு வைத்தியம் செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்கிற நிதானம் நம் துறையில் யாருக்கும் இல்லை. இந்தக் கட்டியோடு வைத்தியமே இல்லாமல் வருடக்கணக்கில் நன்றாக இருந்தவர்கள் உண்டு என்றும் அதே புத்தகம் சொல்கிறது. சகலை அந்த ரகமாக இருக்கலாம் என்று நான் நம்பினேன். எந்த விஷயத்திலும் அதிர்ஷ்டக்காரர்.

அவரைப்போல ஒரு நோயாளி அமைவது கடினம் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். மூச்சைப் பிடியுங்கள் என்றால் பாதிப் பேர் இருமிவிடுவார்கள், படம் கலைந்துவிடும். சகலை கன்னத்தை உப்பிக்கொண்டு சிலைபோலக் கிடப்பார். வெளியே வந்ததும், “எப்படிண்ணா, இன்னிக்கு நல்லாப் பிடிச்சேனா?” என்று கேட்பார். “பிரமாதம்” என்பேன். அது பொய்யில்லை, அவ்வளவு கூர்மையான படங்கள்.

இரண்டாவது தடவை மூன்று குண்டுகள் இருந்தன. நான் எழுதியது முன்பு எழுதியதேதான். அதற்கடுத்த தடவை எண்ணுவது சிரமமாக இருந்தது.

நடுவில் ஒரு சங்கடம் வந்தது. சகலையின் கடைக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், குழாய் வாங்க வந்த இடத்தில் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் விவரத்தையும் கேட்டுவிட்டு, ஊசியால் குத்தி ஈரலில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாம் என்றிருக்கிறார். மச்சினி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். ரத்தக் குழாய் முடிச்சில் ஊசி குத்தினால் ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு என்று சொன்னேன். மேடம், முடிச்சு என்றால் அது உண்மைதான் இல்லையா? நான் சொன்னதில் மருத்துவப் பிழை எதுவும் கிடையாது. சகலை மறுநாளே அந்த டாக்டரிடம் போய், “எங்க அண்ணா வேண்டாம்னுட்டாரு, சார். அவர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாக்கறவரு” என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கைகழுவும் தொட்டியைக் கழிவு விலையில் கொடுத்து அனுப்பினார். அந்த டாக்டர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

சகலை இளைக்க ஆரம்பித்தார். வீட்டில் ஒரே பாராட்டு. என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல், காலையில் நடப்பதாகப் புளுகினார். மாமனார் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, “நீங்களும் அவரைப் பாத்து கொஞ்சம் இளைக்கக் கூடாதா, மாப்பிள்ளை?” என்றார். நான் பொறுமையாக இருந்தேன். அந்த இடத்தில் எத்தனை பேர் பொறுமையாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி மட்டும் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, “அவர் முன்ன மாதிரி சிரிக்கிறதில்லைங்க. நடுவுல மூச்சு வாங்குது. நீங்க நல்லாத்தானே பாக்கறீங்க?” என்று கேட்டாள்.

“கண்ணும் கருத்துமாப் பாக்கறேன்” என்றேன். அவள் பாதி மடித்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உண்மையில் அவரை அந்தக் காலத்தில் என்னைப்போலக் கவனித்தவர் யாரும் இல்லை. அவர் மனைவிக்கு அவர் முகம்தான் தெரியும். எனக்கு அவருடைய ஈரலின் ஒவ்வொரு கிளை நாளமும் தெரியும். பஸ்ஸில் போகும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். போன கோடையில் குண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. புத்தகத்தில் படம் வரைந்து மட்டும் காட்டியிருந்ததை நான் திரையில் பார்த்தேன். இவ்வளவு நாள் காத்திருந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

அந்தப் படங்களைத் தொகுத்து மாநாட்டுக்கு எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். வருடத்தின் சிறந்த படத்தொகுப்புக்கான பரிசும் எனக்குத்தான் என்று தகவல் வந்தது. நான் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி தங்கையிடம் சொன்னாள், தங்கை கணவரிடம் சொன்னாள், அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை. சகலை ஒரு வேன் பிடித்து, மாமனார் மாமியார் உட்பட மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அவருடைய கோட்டு அவருக்கே தொளதொளவென்று இருந்தது.

நான் பேசினேன். நோயாளியின் பெயரை எல்லாப் படத்திலும் அழித்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். முதல் படத்தைக் காட்டினேன், ஒரு குண்டு. அடுத்தது. அதற்கடுத்தது. குண்டுகள் சேர்ந்த படம் வந்தபோது மண்டபமே ‘ஆ’ என்று மூச்சை இழுத்தது. அந்தச் சத்தத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். முதலில் கைதட்டியவர் சகலைதான். மாமனாரின் காதருகே குனிந்து, “பாவம் மாமா, யார் பெத்த பிள்ளையோ, ஈரலைப் பாருங்க, என்னமா ஆயிருக்கு” என்று சொன்னது மேடைவரை கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேச வராது.

மேடம், நீங்கள்தான் அன்றைக்குத் தலைமை. கேள்வி நேரத்தில் நீங்கள் கேட்டீர்கள்: “முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவுல என்ன சிகிச்சை குடுத்தீங்க?”

“எதுவும் இல்லை.”

“ஏன்?”

“குடுத்திருந்தா இந்தப் படங்கள் கிடைச்சிருக்காதே.”

மண்டபமே சிரித்தது. நான் நகைச்சுவையாகச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. சகலைக்குத் தினமும் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது சகலை தட்டை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். தட்டில் ஒன்றும் பெரிதாக இல்லை, பசி போய் ரொம்ப நாளாகியிருந்தது. என் பரிசுக் கோப்பையை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?”

பரிசு வாங்கிய மப்பில் இருந்தேன். கூட்டத்தைச் சிரிக்க வைத்த மப்பு அதைவிடப் பெரிது. வாய் தவறிவிட்டது.

“நல்லாக் கைதட்டினாரு” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார், நான் ஒரு நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டும் என்கிற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு. எனக்குப் பின்னால் நீங்கள் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் அவருடைய தொளதொளக் கோட்டைப் பார்த்தீர்கள், மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கீழே வைத்துவிட்டீர்கள். நல்ல ரேடியாலஜிஸ்ட் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அவர் இப்போது இரண்டு மாடி மேலே படுத்திருக்கிறார். அவரிடம் நீங்கள்தான் போய்ச் சொன்னீர்கள். முதலில் கட்டியைப் பற்றி மட்டும் சொன்னீர்களாம். அவர், “எங்க அண்ணாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க, மேடம். கவனிக்காம விட்டுட்டோமேன்னு மனசு ஒடிஞ்சு போயிடுவாரு” என்றாராம். அப்புறம் நீங்கள் மீதியையும் சொன்னீர்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நர்ஸிடம் விசாரித்தேன். ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லையாம். சகலை பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த ஈரலில் நறுக்கி எடுக்க நல்ல இடம் மிச்சமில்லை. முழுதாக மாற்றினால்தான் ஆள் பிழைப்பார், மாற்றினாலும் உறுதி சொல்ல முடியாது. யாராவது தன் ஈரலில் பாதியைக் கொடுக்க வேண்டும். மச்சினிக்குப் பொருந்தவில்லை. மாமனார் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார், வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். நானும் கொடுப்பதாகச் சொன்னேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் என் மனைவியினுடையது பொருந்துகிறது என்று வந்திருக்கிறது. அவளுக்கு ஸ்கேன் எடுத்த அன்று, “எங்க வீட்டுக்காரர் கண்ணுல என் படம் படவே கூடாது” என்று டெக்னீஷியனிடம் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் கேட்காமல் தானாக முடிவெடுத்த முதல் காரியம் இது. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

அறுவை வரும் வாரம். செய்யப்போவது அதே சர்ஜன். இப்போதே அடுத்த வருட மாநாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம், என் படங்களையும் சேர்த்து. யாரோ கஷ்டப்பட்டுச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவது எந்த ஊர் நியாயம் என்று நீங்கள் அவரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இதை நான் எழுத்திலும் கொடுக்கத் தயார்.

சரி, வக்கீல் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கேட்ட மாதிரியே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே எனக்குத் தெரியும். ஒரு குண்டாக இருந்தபோதே தெரியும். எடுத்துவிட்டால் பிழைப்பார் என்பதும், விட்டால் பரவும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்று எழுதினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அது குற்றம் என்றால் குற்றம்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பொறாமையால் செய்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது அபாண்டம். பொறாமைப்படும்படி அந்த மனிதரிடம் அப்படி என்னதான் இருந்தது? ஒரு குழாய்க் கடை. ஓயாத சிரிப்பு. ஒரு நாள் தலைவலி என்று படுத்தால் ஓடி வருகிற ஒரு வீடு நிறைய மனிதர்கள். இதெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். வேறு யாரிடமும் இல்லாததாக அவரிடம் இருந்தது அந்தக் கட்டி ஒன்றுதான். நியாயமாகப் பார்த்தால் அதுவும் என்னுடையது.